26 லட்சத்துக்கு 2021 ஏ கிளாஸா, கடனில் புது 2 சீரிஸா, டெல்லி ஏ3யா? பெங்களூரு மக்கள் சொல்லுங்கள்

கசவனஹள்ளி_வாசி:

வணக்கம் மக்களே. நான்கு மாதமாக இங்கே படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன், இன்றைக்குத்தான் வாய் திறக்கிறேன். கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

வீடு கசவனஹள்ளி, ஆபீஸ் அவுட்டர் ரிங் ரோட்டில், வாரத்துக்கு மூன்று நாள் போக வேண்டும். தூரம் 9 கிமீ, நேரத்தைக் கேட்காதீர்கள். மாதத்துக்கு ஒருமுறை ஓசூர், கிருஷ்ணகிரி வழியாகச் சொந்த ஊர் வாணியம்பாடி, போக வர 300 கிமீக்கு மேல் வரும். அப்பா அம்மா அங்கே இருக்கிறார்கள். அப்பாவுக்கு முழங்கால் வலி, இரண்டு மாதத்துக்கு ஒருமுறை இங்கே டாக்டரிடம் அழைத்து வருகிறேன். பத்து வருடம் ஓட்டிய டீசல் வென்டோவை தீபாவளிக்கு முன்னால் விற்றுவிட்டேன். இப்போது வீட்டில் இருப்பது மனைவியின் பலேனோ, அது இரண்டு பேருக்கும் பொது என்று பெயர், அதாவது எனக்கு இல்லை.

எங்கள் ஊரில் ஒரு தோல் தொழிற்சாலை முதலாளி வெள்ளை பென்ஸ் வைத்திருந்தார். அது தெருமுனையில் திரும்பும்போது சைக்கிளை ஓரம் கட்டிவிட்டு நின்று பார்ப்போம். அந்த நட்சத்திரம் அன்றைக்கு மண்டையில் ஏறியது, 38 வயதாகியும் இறங்கவில்லை. கையில் 30 லட்சம் இருக்கிறது. இப்போது பார்த்து வைத்திருப்பவை இவை.

முதலாவது மெர்சிடிஸ் ஏ கிளாஸ் லிமோசின், ஏ200 பெட்ரோல், 2021, கேஏ 03 என்று பெங்களூரு நம்பர், முதல் உரிமையாளர், 38 ஆயிரம் கிமீ. 26.5 கேட்கிறார், நேரடி விற்பனை, புரோக்கர் இல்லை.

இரண்டாவது புது பிஎம்டபிள்யூ 2 சீரிஸ் கிரான் கூபே. ஷோரூம் விலை 45 பக்கம் என்றாலும் ஆன்ரோடு 55ஐத் தாண்டுகிறது. எடுத்தால் 25 லட்சம் கடன்.

மூன்றாவது 2017 ஆடி ஏ3 டீசல், டெல்லி நம்பர், 11.5 லட்சம். வண்டி ஏற்கெனவே பெங்களூரு வந்துவிட்டது, கோரமங்களாவில் ஒரு பழைய கார் ஷோரூமில் நிற்கிறது. பார்க்கக் கண்ணாடி மாதிரி இருக்கிறது. விலையைப் பார்த்தால் மனசு ஆடுகிறது, பயமாகவும் இருக்கிறது.

பழைய வண்டி வாங்கினால் பராமரிப்பு உண்மையில் எவ்வளவு ஆகும் என்று ஓட்டியவர்கள் யாராவது சொல்லுங்கள். யூடியூபில் பாதிப் பேர் 'ஒன்றும் ஆகாது' என்கிறார்கள், மீதிப் பேர் 'கிட்னியை விற்க வேண்டும்' என்கிறார்கள்.


ஓசூர்ரோடு_ஓட்டி:

தம்பி, நான் 2019ல் நான்கு வயதான ஒரு ஜெர்மன் செடான் எடுத்தேன். எந்தக் கம்பெனி என்று கேட்காதே, சொன்னால் அந்தச் சண்டையிலேயே இந்தத் திரி முடிந்துவிடும். ஆறு வருடத்தில் 70 ஆயிரம் கிமீ ஓட்டியாகிவிட்டது. வருத்தமா என்றால் இல்லை. மறுபடி எடுப்பாயா என்றால், வீட்டுக்காரி பக்கத்தில் இல்லாதபோது கேள்.

முதல் வருடம் எண்ணெய், ஃபில்டர், அவ்வளவுதான் செலவு. சொந்தக்காரர்களிடம் எல்லாம் 'மாருதி மாதிரிதான்' என்று பீற்றிக்கொண்டேன். இரண்டாம் வருடம் மழையில் சர்ஜாபூர் ரோட்டில் தண்ணீர் நிரம்பி நின்ற ஒரு பள்ளம், பள்ளம் என்று தெரியாமல் இறக்கிவிட்டேன், இடது பக்கம் இரண்டு டயரும் பக்கவாட்டில் புடைத்துவிட்டன, ஒரு அலாய் வளைந்தது. ரன்ஃபிளாட் டயர், ஒன்று 21 ஆயிரம். அந்த வகை டயர் காற்று போனாலும் கொஞ்ச தூரம் மெதுவாக ஓடும், அதனால் ஸ்டெப்னி கொடுக்கவில்லை. ஆனால் ராத்திரி 11 மணிக்குப் பக்கச்சுவர் கிழிந்தால் அந்தக் கொஞ்ச தூரம் எங்கே கொண்டுபோய் விடும் என்று எனக்குத் தெரியும், டோ வண்டியில் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். மூன்றாம் வருடம் ஏசி கம்ப்ரசர். நான்காம் வருடம்தான் பெரிய அடி: கியர்பாக்ஸில் கியர் மாற்றத்தைக் கட்டுப்படுத்தும் மெக்கட்ரானிக் பகுதி போனது. சர்வீஸ் சென்டரில் மொத்த யூனிட்டும் மாற்ற வேண்டும், மூன்றரை லட்சம் என்றார்கள். வெளியே ஒரு கராஜில் அதையே பிரித்துப் பழுது பார்த்து 85 ஆயிரத்துக்குக் கொடுத்தார்கள், இன்றுவரை ஓடுகிறது.

பெட்ரோல், இன்சூரன்ஸ் நீங்கலாக ஆறு வருடத்தில் மொத்தம் 6.8 லட்சம். வருடத்துக்கு ஒரு லட்சம் சொச்சம் என்று பார்த்தால் பயங்கரமாகத் தெரியாது. ஆனால் அது வருடாவருடம் ஒரு லட்சமாக வராது, இரண்டு வருடம் சும்மா இருந்துவிட்டு ஒரே மாதத்தில் வந்து நிற்கும், பிள்ளையின் ஸ்கூல் ஃபீஸ் கட்டுகிற மாதமாகப் பார்த்து வரும்.

நீ பாதி விலைக்கு வண்டி வாங்கலாம், ஹெட்லைட் உடைந்தால் ஜேசி ரோட்டுக் கடைக்காரர் 'நீங்க எவ்வளவுக்கு வாங்கினீங்க சார்' என்று கேட்டுவிட்டுப் பாதி விலைக்கு லைட் தரமாட்டார். ஐம்பது லட்சம் வண்டியின் பில்தான் வரும். யானை வாங்கியவன் அங்குசத்துக்குக் கணக்குப் பார்க்கக் கூடாது என்பார்களே, அதுதான். 30 இருக்கிறது என்றால் 26க்கு வண்டியைப் பேசி, 3 லட்சத்தைத் தனியாக வங்கியில் போட்டு அதைத் தொடாதே. அந்த 3 லட்சம் உறுத்தினால் வண்டியையே எடுக்காதே.


டர்போ_பையன்:

ஃபோக்ஸ்வாகன் விர்டஸ் ஜிடி எடுங்க ப்ரோ, முடிந்தது கதை. 1.5 டர்போ, 150 குதிரை. அந்த ஏ200ல் இருப்பது 163 குதிரை. 13 குதிரைக்கு எவ்வளவு கூடக் கொடுக்கப் போகிறீர்கள்? இன்னொன்று, அந்த 1.3 லிட்டர் எஞ்சின் மெர்சிடிஸும் ரெனோவும் சேர்ந்து செய்தது. அதே குடும்பத்து எஞ்சின்தான் 2020ல் இங்கே டஸ்டரிலும் நிஸான் கிக்ஸிலும் வந்தது. நட்சத்திரத்துக்குக் கீழே டஸ்டர். 😄


கசவனஹள்ளி_வாசி:

@டர்போ_பையன் தெரியும் தம்பி, அந்தக் கிண்டலை என் டீமிலேயே தினமும் கேட்கிறேன். நல்ல எஞ்சின் எங்கே இருந்தால் என்ன. விர்டஸ் ஓட்டிப் பார்த்தேன், குறை சொல்ல ஒன்றுமில்லை, இறங்கி வரும்போது திரும்பிப் பார்க்கத் தோன்றவில்லை, அவ்வளவுதான் விஷயம்.

@ஓசூர்ரோடு_ஓட்டி அண்ணே, இப்படிக் கணக்குச் சொன்னவர் நீங்கள்தான் முதல் ஆள். மிக்க நன்றி. 3 லட்சம் ஒதுக்குவது உறுத்தவில்லை, மனைவியிடம் சொல்வதுதான் உறுத்துகிறது.


பழைய_மதராஸ்_ரோடு:

நான் வங்கியில் வாகனக் கடன் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவன், அல்சூரில் இருக்கிறேன். எஞ்சின் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது, காகிதம் தெரியும். அந்த டெல்லி வண்டியைப் பற்றி மட்டும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இப்படி ஏமாந்து வந்தவர்களை மேஜைக்கு அந்தப் பக்கம் நிறையப் பார்த்தாயிற்று.

அது ஏன் 11.5 லட்சம் என்று முதலில் கேளுங்கள். டெல்லி, சுற்று வட்டாரத்தில் டீசல் வண்டிக்கு 10 வருடம், பெட்ரோலுக்கு 15 வருடம் என்று பசுமைத் தீர்ப்பாயம் 2015ல் போட்ட தடையை உச்ச நீதிமன்றம் 2018ல் உறுதி செய்தது. 2025 ஆகஸ்டில் அதே நீதிமன்றம் கொஞ்சம் பிடியைத் தளர்த்தியது, ஆனாலும் அங்கே இருப்பவர்களுக்குப் பயம் போகவில்லை, எட்டு வயது டீசல் வண்டி கிடைத்த விலைக்குப் போகிறது. அது லாரி ஏறித் தெற்கே வருகிறது. இதில் தப்பு எதுவும் இல்லை. தப்பு எங்கே வருகிறது என்றால், ஷோரூம்காரர் சொல்லும் 11.5ல் கர்நாடக வரி கிடையாது.

இங்கே 20 லட்சத்துக்கு மேற்பட்ட காருக்கு ஆயுள்கால வரி 18 சதவீதம், அதன்மேல் செஸ் என்று ஒரு கூடுதல் வரி. வேறு மாநில வண்டி என்றால் வயதுக்கு ஏற்பக் குறைத்துப் போடுவார்கள், ஆனால் அந்தக் கணக்கு வண்டி புதிதாக இருந்தபோது போட்ட விலையிலிருந்து தொடங்கும், நீங்கள் கொடுக்கும் 11.5லிருந்து அல்ல. இதை ஆர்டிஓவில் எழுதி வாங்கிக்கொண்டு பிறகு விலையைப் பேசுங்கள். டெல்லி ஆர்டிஓவின் என்ஓசி என்கிற தடையில்லாச் சான்று, அதாவது படிவம் 28, கையில் இருக்கிறதா, எந்த ஆர்டிஓ பெயருக்கு எழுதியிருக்கிறது என்று பாருங்கள். 'வந்துகொண்டிருக்கிறது சார்' என்றால் நீங்களும் வந்துகொண்டே இருக்கிறேன் என்று சொல்லிவிட்டுக் கிளம்புங்கள். சட்டப்படி வேறு மாநில நம்பரோடு 12 மாதம் ஓட்டலாம். ஆனால் நடுவில் நிறுத்திக் கேட்டால் எந்தத் தேதியில் இங்கே வந்தது என்று நிரூபிப்பது உங்கள் தலை. பாண்டிச்சேரி நம்பர் போட்ட சொகுசுக் கார்களை வரி கட்டவில்லை என்று இந்த ஊரில் போக்குவரத்துத் துறை இழுத்துக்கொண்டு போன செய்தியைப் பார்த்திருப்பீர்கள்.

கேஏ 03 வண்டி என்றால் இந்தத் தலைவலி இல்லை. வரியை முதல் உரிமையாளர் கட்டிவிட்டார், வண்டியோடு சேர்ந்து வருகிறது. அரசின் பரிவாகன் தளத்தில் போய்ப் பாருங்கள், ஹைப்பாதிகேஷன், அதாவது கடனுக்கு அடமானம், என்று ஏதாவது வங்கியின் பெயர் இருந்தால், கடன் அடைத்த வங்கிக் கடிதமும் அந்தப் பெயரை நீக்குகிற படிவம் 35ம் இல்லாமல் ஒரு பைசா முன்பணம் கொடுக்காதீர்கள். 'கடன் எப்பவோ முடிஞ்சுது, பேர் மட்டும் எடுக்கலை' என்பார்கள், முக்கால்வாசி அது உண்மைதான், கால்வாசிக்காகத்தான் சொல்கிறேன். படிவம் 29, 30 இரண்டிலும் கையெழுத்து வாங்கி, உரிமை மாற்றத்துக்கு 30 நாளுக்குள் கொடுத்துவிடுங்கள். இன்சூரன்ஸை 14 நாளுக்குள் உங்கள் பெயருக்கு மாற்றக் கேளுங்கள், இல்லையென்றால் நடுவில் நீங்கள் இடித்துக்கொண்டால் உங்கள் வண்டிச் சேதத்துக்குப் பணம் வராது. அவருடைய என்சிபி, அதாவது க்ளெய்ம் கேட்காத வருடங்களுக்குத் தரும் பிரீமியம் சலுகை, அவரோடு போய்விடும், உங்களுக்கு வராது, பிரீமியம் அதற்கேற்ப ஏறும்.

அப்புறம் டிராஃபிக் அபராதம். ஒரு வண்டிக்கு 40 சிக்னல் அபராதம் பாக்கி இருந்ததை நானே பார்த்திருக்கிறேன். பாதித் தொகை தள்ளுபடி அறிவிப்பு வரும்போது கட்டலாம் என்று காத்திருந்தாராம் அந்த மனிதர்.


பீன்யா_ஸ்பேனர்:

அய்யா சொன்னது காகிதம், நான் வண்டியைச் சொல்கிறேன். பதினாறு வருடமாக மெக்கானிக் வேலை, ஐரோப்பிய வண்டிகள்தான் அதிகம்.

பெங்களூரில் 2022க்கு முந்தைய சொகுசு வண்டி எது வந்தாலும் எனக்கு முதலில் வருகிற சந்தேகம் தண்ணீர். 2022 செப்டம்பர் முதல் வாரம் ஞாபகம் இருக்கும், பெல்லந்தூர், சர்ஜாபூர் ரோடு பக்கம் வில்லாக்களில் பேஸ்மென்ட் முழுக்க மூழ்கியது, கூரை மட்டும் தெரிகிற வண்டிகளின் படம் போனில் சுற்றியது. அவை எல்லாம் பழைய இரும்புக்குப் போயின என்று நினைக்காதீர்கள். ஏலத்தில் போய், கழுவி, சீட் உறை மாற்றி, வாசனை அடித்து, நல்ல பெயரோடு திரும்பி வந்தவை உண்டு. உங்கள் ஏ200 கேஏ 03, 2021. அதனால் இதைக் கட்டாயம் பாருங்கள்: பின் சீட் பெல்ட்டைக் கடைசிவரை இழுங்கள், உள்ளே சுருண்டிருக்கும் பகுதியில் சேற்றுக் கோடு இருந்தால் வந்த வழியே திரும்பிவிடுங்கள். சீட் தண்டவாளத்தில் துரு, டிக்கி கம்பளத்துக்குக் கீழே ஈரவாடை, ஃபியூஸ் பெட்டிப் பின்களில் பச்சைப் பூச்சு. காருக்குள் ஏறியதும் பூக்கடை மாதிரி மணந்தால் எனக்கு வயிறு கலங்கும்.

இதற்கு இன்னொரு சுலபமான சோதனை இருக்கிறது, பலருக்குத் தோன்றுவதில்லை. இப்போதைய பாலிசியை வாங்கி என்சிபி எத்தனை சதவீதம் என்று பாருங்கள். க்ளெய்ம் இல்லாவிட்டால் அது 20, 25, 35, 45, 50 என்று வருடத்துக்கு வருடம் ஏறும். 2021 வண்டி, நான்கு புதுப்பிப்பு முடிந்திருக்கிறது என்றால் 45 காட்ட வேண்டும். 20 காட்டினால் போன வருடம் அல்ல, அதற்கு முந்தைய வருடம் ஏதோ நடந்திருக்கிறது. ஒரு பம்பராகவும் இருக்கலாம், ஒரு ஏரித் தண்ணீராகவும் இருக்கலாம். கேளுங்கள்.

கிமீ விஷயம். மீட்டரில் தெரிகிற எண்ணை மாற்றுவது பெரிய வேலை இல்லை, ஆனால் இந்த வண்டிகளில் கிமீ ஒரே இடத்தில் மட்டும் பதிவாவதில்லை, எஞ்சின் கணினி, கியர்பாக்ஸ் என்று பல இடங்களில் தடம் இருக்கும், கம்பெனிக்கேற்ற நல்ல ஸ்கேனர் போட்டால் தெரிந்துவிடும். சேஸிஸ் எண்ணைக் கொடுத்து சர்வீஸ் சென்டரில் பழைய பதிவுகளையும் கேளுங்கள், உரிமையாளர் கூட இருந்தால் காட்டுவார்கள், நீட்டித்த வாரண்டி பாக்கி இருக்கிறதா, அடுத்தவர் பெயருக்கு மாறுமா என்பதையும் அங்கேயே கேட்டுவிடுங்கள். ஸ்கேன் போடும்போது பழுது எதுவும் காட்டாமல், சுய சோதனைகள் எல்லாம் 'முடியவில்லை' என்று மட்டும் காட்டினால், நேற்று ராத்திரிதான் யாரோ பழுதுகளை அழித்திருக்கிறார்கள்.

நீங்கள் வரும்வரை ஸ்டார்ட் செய்ய வேண்டாம் என்று உரிமையாளரிடம் சொல்லுங்கள். பானெட்டில் கை வைத்துப் பாருங்கள், சூடாக இருந்தால் அவர் வாக்குத் தவறினார் என்று அர்த்தம், ஏன் தவறினார் என்பது அடுத்த கேள்வி. கிளட்ச் எப்படி இருக்கிறது என்று பார்க்க நெடுஞ்சாலை வேண்டாம், அபார்ட்மென்ட் பேஸ்மென்ட் சரிவு போதும். சரிவில் பாதியில் நிறுத்தி மெதுவாக ஏற்றுங்கள், அப்புறம் ரிவர்ஸில் ஏற்றுங்கள், உதறல் இருந்தால் அங்கேதான் வரும். இரட்டை கிளட்ச் கியர்பாக்ஸுக்கு சில்க் போர்டு சிக்னல்தான் எமன். ஊர்ந்து ஊர்ந்து போகும்போது கிளட்ச் பாதி பிடித்தும் பாதி விட்டும் தேய்ந்துகொண்டே இருக்கும், சூடாகும். முன்னால் இரண்டு கார் இடம் விட்டு, பிரேக்கை முழுதாக அழுத்தி நின்று, அப்புறம் ஒரே நகர்வாக நகருங்கள். இடையில் ஆட்டோ நுழைவார், நுழையட்டும், அவரை விடக் கிளட்ச் விலை அதிகம்.

ஏ3 பெட்ரோலில் வந்த 7 ஸ்பீடு உலர் கிளட்ச் கியர்பாக்ஸ் பற்றித்தான் நெட்டில் எல்லாரும் புலம்புவது. நீங்கள் பார்ப்பது டீசல், அதில் 6 ஸ்பீடு, எண்ணெயில் ஓடுகிற கிளட்ச், தாங்கும். ஆனால் 60 ஆயிரம் கிமீக்கு ஒருமுறை அந்த எண்ணெயும் ஃபில்டரும் மாற்றியிருக்க வேண்டும், பில் கேளுங்கள். ஏ3 இங்கே விற்பனை நின்று வருடங்கள் ஆகிவிட்டன, ஆனாலும் ஆக்டேவியாவும் அதுவும் ஒரே அடித்தளம் என்பதால் நிறையப் பாகங்கள் கிடைக்கும். வண்டியைப் பார்த்து நான் பயப்பட மாட்டேன், அய்யா சொன்ன வரியைப் பார்த்துத்தான் பயம்.

இன்னொன்று, பெட்ரோல். இப்போது பங்க்குகளில் வருவது இ20, அதாவது 20 சதவீதம் எத்தனால் கலந்தது. 2023 ஏப்ரலுக்கு முன் செய்த பல வண்டிகள் அதை மனதில் வைத்துச் செய்யப்படவில்லை. பெட்ரோல் மூடியின் உட்புறம் என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள், கையேட்டிலும் பாருங்கள்.


ஹொரமாவு_அக்கா:

எல்லாரும் பழையதையே பேசுகிறீர்கள், புதிதாக எடுத்தவள் நான் ஒருத்தி சொல்லிவிட்டுப் போகிறேன். போன வருடம் ஒரு ஜெர்மன் காம்பாக்ட், ஷோரூமில் இருந்து. ஏன் என்றால் எனக்கு ஸ்கேனர், சீட் பெல்ட் சேறு, படிவம் 35, பேஸ்மென்ட் சரிவு எதுவும் வேண்டாம். காலையில் ஏறினால் ஓட வேண்டும், ஓடாவிட்டால் ஒரு போன், அவர்களே வந்து எடுத்துப் போக வேண்டும். அந்த நிம்மதிக்கு விலை உண்டு, அதை நான் தெரிந்தே கொடுத்தேன்.

ஆனால் எவ்வளவு கொடுத்தேன் என்று உட்கார்ந்து கணக்குப் போட்டபோது கொஞ்சம் தலை சுற்றியது. 45 லட்சம் ஷோரூம் விலையை எடுத்துக்கொள்ளுங்கள். 2025 செப்டம்பர் 22க்குப் பிறகு பெரிய கார்களுக்கு ஜிஎஸ்டி 40 சதவீதம், முன்பு செஸ்ஸோடு சேர்த்து இதைவிட அதிகம், அதனால் குறைந்துவிட்டது என்று விளம்பரம் போட்டார்கள். சரி, குறைந்த பிறகும் அந்த 45க்குள் வண்டியின் விலை 32 சொச்சம், ஜிஎஸ்டி 12.86. அந்த 45 மேல்தான் கர்நாடகத்தின் 18 சதவீதம், 8.1 லட்சம். இரண்டும் சேர்த்து 21 லட்சத்துக்குச் சற்றுக் குறைவு, செஸ் தனி, இன்சூரன்ஸ் தனி. 32 லட்சம் காருக்கு 21 லட்சம் வரி. வாணியம்பாடி முகவரியில் பதிந்தால் மிச்சம் என்று யாராவது சொல்வார்கள், நம்பாதீர்கள், தமிழ்நாட்டில் 20 லட்சத்துக்கு மேல் 20 சதவீதம். 1 சதவீதம் டிசிஎஸ் என்று வருமான வரியை முன்கூட்டியே பிடிப்பார்கள், அது மட்டும் வருமான வரிக் கணக்கில் திரும்பக் கிடைக்கும், மறக்காமல் கேட்டு வாங்குங்கள்.

கடன் 25 லட்சம், 5 வருடம், 9 சதவீதம் என்றால் மாதம் 51,900 பக்கம். வட்டி மட்டும் 6 லட்சம் தாண்டும். ஓசூர்ரோடு அண்ணன் ஆறு வருடத்தில் பழுதுக்குச் செலவழித்தது 6.8 லட்சம், நீங்கள் ஐந்து வருடத்தில் வங்கிக்குக் கொடுப்பது 6.14 லட்சம். என் கதையில் கடன் இல்லை, பழைய வீடு விற்ற பணம் இருந்தது. கடன் வாங்கித்தான் எடுக்க வேண்டும் என்றால் நானே புது வண்டி எடுத்திருக்க மாட்டேன்.

உங்கள் கேள்வியில் ஒரு வரியை யாரும் கவனிக்கவில்லை. அப்பாவுக்கு முழங்கால் வலி என்று எழுதியிருக்கிறீர்கள். அவரை இந்த வண்டிகளில் எதிலாவது உட்கார வைத்துப் பார்த்தீர்களா? இந்தச் சின்ன செடான்கள் எல்லாமே தாழ்வு. 2 சீரிஸில் பின் கூரை வேறு சரிந்து இறங்கும். என் மாமியார் என் வண்டியில் ஏறும்போது குனிந்து, திரும்பி, தலையை முதலில் உள்ளே விட்டு, ஏதோ அலமாரிக்குள் போவது மாதிரி போவார். இறங்கும்போது நான் கை கொடுத்து இழுக்க வேண்டும்.


டர்போ_பையன்:

அக்கா ஒரே பதிவில் திரியையே திருப்பிப் போட்டுவிட்டார். விர்டஸும் தாழ்வுதான், ஒத்துக்கொள்கிறேன்.


கசவனஹள்ளி_வாசி:

பத்து நாள் கழித்து வருகிறேன், மன்னிக்கவும். நடந்ததைச் சொல்கிறேன்.

டெல்லி ஏ3: என்ஓசி 'அடுத்த வாரம்' என்றார்கள். வரி யார் கட்டுவது என்று கேட்டதும் சேல்ஸ் பையன் மேனேஜரைப் பார்த்தான், மேனேஜர் போனைப் பார்த்தார். பழைய மதராஸ் ரோடு அய்யா சொன்ன மாதிரியே கிளம்பி வந்துவிட்டேன்.

2 சீரிஸ்: அக்காவின் கணக்கை மனைவியிடம் காட்டினேன். அதற்குப் பிறகு அதைப் பற்றி வீட்டில் பேச்சே எழவில்லை.

ஏ200: சனிக்கிழமை காலை ஏழு மணிக்கு இந்திராநகரில் உரிமையாளர் வீட்டுக்கே போனேன், ஒரு மெக்கானிக்கையும் கூட்டிக்கொண்டு. பானெட் ஜில்லென்று இருந்தது. சீட் பெல்ட் சுத்தம், என்சிபி 45, ஸ்கேனரில் கிமீ எல்லா இடத்திலும் ஒத்துப்போனது, முன் டயர் இரண்டு மட்டும் அடுத்த மழைக்கு முன் மாற்ற வேண்டும் என்றார் மெக்கானிக். அவர்கள் வீட்டு பேஸ்மென்ட் சரிவில் ரிவர்ஸில் ஏற்றும்போது உரிமையாளர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார், பரவாயில்லை. 25.75க்கு இறங்கி வந்தார். நான் கை கொடுக்கிற நிலையில்தான் இருந்தேன்.

அந்த வாரம் அப்பா டாக்டருக்காக இங்கே வந்திருந்தார், அவரையும் அழைத்துப் போயிருந்தேன். பின் சீட்டில் உட்காரச் சொன்னேன். உட்கார்ந்துவிட்டார், சீட் நன்றாக இருக்கிறது என்று தட்டிப் பார்த்தார், ஏசி காற்றை முகத்துக்குத் திருப்பிக்கொண்டார். இறங்கச் சொன்னால் எழுந்திருக்க முடியவில்லை. ஒரு கை கதவில், ஒரு கை கூரையில், மூன்றாவது முயற்சியில் நானும் உரிமையாளரும் சேர்ந்து தூக்கினோம். மூச்சு வாங்கிக்கொண்டு, 'வண்டி நல்லாத்தான்ப்பா இருக்கு, ஏறும்போதே இறக்கி விட ரெண்டு ஆளையும் சேர்த்து ஏத்திக்கணும்' என்றார். உரிமையாளர் சிரித்துவிட்டார், எனக்குச் சிரிப்பு வரவில்லை. வரும் வழியில் 'எனக்காகப் பார்க்காதே, நான் பஸ்ஸில் வருகிறேன்' என்று வேறு சொன்னார். அதற்குமேல் அந்த வண்டியை எப்படி எடுப்பது?

சாயந்திரம் எங்கள் அபார்ட்மென்டில் ஒருவரின் இரண்டாம் தலைமுறை பிஎம்டபிள்யூ எக்ஸ்1 நின்றது, கேட்டுப் பார்த்தேன், ஏறிப் பார்க்கச் சொன்னார். அப்பா குனியாமல் பக்கவாட்டில் உட்கார்ந்து காலை உள்ளே எடுத்துக்கொண்டார், நாற்காலி மாதிரி. அதனால் இப்போது கேள்வி மாறிவிட்டது: 2020, 21 எக்ஸ்1 பெட்ரோலா, 2021 மெர்சிடிஸ் ஜிஎல்ஏ 200 பெட்ரோலா?


பீன்யா_ஸ்பேனர்:

ஜிஎல்ஏ 200லும் அதே 1.3 எஞ்சின்தான், உங்கள் நட்சத்திரமும் கூடவே வரும். விலை மட்டும் ஏ கிளாஸை விட மேலே நிற்கும், 30க்குள் கிடைப்பது கஷ்டம், அவசரப்பட்டு இரண்டு கை மாறிய வண்டி எதையும் எடுத்துவிடாதீர்கள். எக்ஸ்1ல் '20i' என்று எழுதிய பெட்ரோல் என்றால் 2 லிட்டர், 192 குதிரை, இழுவையில் வித்தியாசம் தெரியும். டீசல் பக்கம் போக வேண்டாம், உங்களுக்கு வாரத்தில் மூன்று நாள் 9 கிமீ ஓட்டம், பிஎஸ்6 டீசலில் கரி பிடிக்கும் ஃபில்டர் அடைத்துக்கொள்ளும், நெடுஞ்சாலையில் நன்றாகச் சூடாகி ஓடினால்தான் அது தானே எரித்துச் சுத்தம் செய்துகொள்ளும். மாதம் ஒரு வாணியம்பாடி அதற்குப் போதாது.


ஓசூர்ரோடு_ஓட்டி:

தம்பி, 3 லட்சம் இன்னும் தனியாகத்தானே இருக்கிறது? ஜிஎல்ஏ விலையைப் பார்த்துவிட்டு அதில் கை வைத்துவிடாதே.


கசவனஹள்ளி_வாசி:

இருக்கிறது அண்ணே, மனைவி பெயரில் போட்டாயிற்று, இனி நானே கேட்டாலும் வராது.

ஞாயிறு காலை ஹென்னூர் பக்கம் ஒரு ஜிஎல்ஏ, அதை முடித்துவிட்டு ஜெயநகரில் ஒரு எக்ஸ்1. அப்பா வெள்ளிக்கிழமை ஊருக்குக் கிளம்ப வேண்டியவர், திங்கட்கிழமை போகிறேன் என்று டிக்கெட்டை மாற்றிவிட்டார். எந்த வண்டியில் எத்தனை முறை ஏறி இறங்க வேண்டும் என்று கேட்டுக்கொண்டிருக்கிறார்.